அபூசாலி திருத்திய மணிக்கூடு

கல்முனைக்குடி அபூசாலிக்கு வேலையில் பிழை பொறுக்காது. அந்தப் பிடிவாதத்தை ஊரில் மெச்சுவார்கள். நான் மெச்சமாட்டேன்.

பழைய பொக்கட் மணிக்கூட்டின் இயந்திரத்தைக் கழற்றி, புதுக் கூட்டில் அடைத்து, கையில் கட்டத் தருவார். தபால்காரன் கதிர்காமனும் தன் தகப்பனுடையதைக் கொடுத்திருந்தான்.

அபூசாலி மணிக்கூடு கட்டுவது வலக்கையில். அந்தப் பழக்கத்தில், சாவி கொடுக்கும் குமிழை, மற்றக் கையால் திருக வசதியாக, இடப்பக்கம் வைத்து முடித்துவிட்டார். கதிர்காமன் இடக்கையை நீட்டியபோதுதான் பிழை தெரிந்தது.

"பரவாயில்ல காக்கா, தாங்க. வலக்கையில கட்டுறன்."

"பிழையான சாமானை நான் குடுக்கிறல்ல. நாளைக்கு வாங்க."

மறுநாள் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. எண்பத்தைந்தாம் ஆண்டு அது. இரண்டு வருஷமாகக் கதிர்காமன் வரவில்லை. அபூசாலி குமிழை வலப்பக்கம் மாற்றி, தினமும் விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்து அதற்குச் சாவி கொடுத்தார்.

ஒரு நாள் கதிர்காமனின் பெண்சாதி தங்கரத்தினம் கடைக்கு வந்தாள். அபூசாலி மணிக்கூட்டை அவளிடம் நீட்டினார்.

"இப்ப இடக்கைக்குச் சரியா இருக்கும், தங்கச்சி."

அவள் குமிழைத் தடவிப் பார்த்தாள்.

"அவருக்கு இடக்கை இல்ல காக்கா. அந்தக் கலவரத்துல போயிற்று. வலக்கையிலதான் கட்டவேணும். சாவி குடுக்க நான் இருக்கன்."

அபூசாலி மணிக்கூட்டைத் திரும்ப வாங்கினார். நாளைக்கு வரச் சொல்ல வாயெடுத்தவர், அதை விழுங்கிக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டார்.

"இரிங்க தங்கச்சி. இப்பவே மாத்தித் தாறன்."