கூரையில் தொங்கிய கட்டில்

நீங்கள் பொய் எழுதினீர்கள். முத்துப்பேட்டைப் பக்கம் வாய்க்கால் ஓரத்தில் இருந்த எங்கள் வீட்டில் ஆளே குடியில்லை என்று, ஊர்க் கணக்குப்பிள்ளையாக இருந்த நீங்கள், அந்த வீட்டுக்குள்ளேயே நின்று எழுதினீர்கள்.

மிராசுதார் மனையில் நானும் என் வீட்டுக்காரரும் போட்ட கூரை வீடு அது. கழக ஆட்சியில், குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்திருந்தது. நீங்கள் வந்து பார்த்து எழுதினால் பட்டா கிடைக்கும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

ஐப்பசியில் வாய்க்கால் வீட்டுக்குள் வரும். கல்யாணமான வருஷம் டிரங்குப் பெட்டி, நெல் மூட்டை எல்லாம் நனைந்து நாறின. அடுத்த மழைக்கு முன் அவர் ஒரு வேலை செய்தார். பாழுங்கிணற்றில் கிடந்த இரும்புக் கப்பியைக் கேட்டு வாங்கி, பனை உத்தரத்தில் மாட்டினார். கயிற்றுக் கட்டிலின் நாலு மூலையிலும் கயிறு கட்டி, நாலையும் ஒரு வடத்தில் சேர்த்துக் கப்பி வழியாக விட்டார். இந்தப் பக்கம் இறங்கும் வடத்தில் சாணுக்கு ஒரு முடிச்சு. கூரையைத் தாங்கும் நடுக்காலில் அறைந்த கவட்டையில் முடிச்சு மாட்டிக்கொள்ளும். தண்ணீர் ஒரு சாண் ஏறினால் கட்டிலும் ஒரு சாண் ஏறும். வடம் மட்டும்தான் காசு கொடுத்து வாங்கியது.

பெட்டி, மூட்டை, கோழிக்கூண்டு எல்லாவற்றையும் கட்டிலில் வைத்து இழுத்தோம். அசையவில்லை.

"இந்த முனையில கனமா ஏதாச்சும் கட்டணும். நீ தொங்குறியா?" என்றார்.

"ஏன், வீட்டுல அம்மி இல்லையா?" என்றேன்.

அம்மியைக் கட்டினோம். அது இறங்க இறங்கக் கட்டில் ஊஞ்சல் மாதிரி ஏறியது. கோழி மேலேயிருந்து கத்தியது. மழை நாளில் அம்மி தண்ணீருக்குள் கிடக்கும். மிளகாயைக் கிள்ளிப் போட்டுத்தான் குழம்பு. அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

நீங்கள் வந்த அன்று தண்ணீர் வடிந்து தரை சேறாகக் கிடந்தது. கட்டிலை நாங்கள் இன்னும் இறக்கவில்லை. ஆள் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு வயலிலிருந்து ஓடி வந்தேன். காலில் சேறு படாமல் எங்கள் அம்மிமேல் ஏறி நின்று எழுதிக்கொண்டிருந்தீர்கள். அம்மியில் கட்டிய வடம் உங்கள் மூக்குக்கு நேரே மேலே போனது.

"ஒரு சட்டி பானை கூடக் காணுமே?"

"எல்லாம் மேல இருக்குங்கய்யா."

"மேல இருக்கறவரு ஆண்டவன் ஒருத்தர்தான்." சிரித்துக்கொண்டே இறங்கிப் போனீர்கள்.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன்.

"அம்மி மிதிச்சிட்டாரா? அப்ப இனிமே அவரும் இந்த வீட்டு மருமகதான்!"

வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது.

பட்டா வரவில்லை. நீங்கள் எழுதியதைத் தாலுகா ஆபீசில் வாசித்துக் காட்டினார்கள். அடுத்த ஐப்பசிக்குள் மிராசுதார் எங்களை வெளியேற்றி வேலி போட்டார். கப்பியைக் கழற்றிக்கொண்டு ஆற்றங்கரைப் புறம்போக்குக்குப் போனோம். அங்கே வெள்ளம் வந்தால் கூரையோடு போகும். கப்பியை எதில் மாட்டுவது? அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கப்பி என்னிடம் இருக்கிறது.

போன கிராம சபையில் முன் நாற்காலியில் உட்கார்ந்து, "என் காலத்துல, குடியிருந்தவங்க ஒருத்தரையும் நான் விட்டதில்ல" என்று மைக்கில் சொன்னீர்கள். அடுத்த கூட்டத்துக்குக் கப்பியோடு வருகிறேன். அதே மைக்கில், ஊர் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்: மேலே இருக்கிறது என்று நான் சொன்ன பிறகும் ஏன் அண்ணாந்து பார்க்கவில்லை?