டப்பா அலசிய தண்ணீர்

என் மச்சானை எனக்குப் பிடிக்காது. அக்காவைக் கட்டிக்கொண்டு போன நாளிலிருந்தே பிடிக்காது. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் வாய் நிறைய ‘மாப்ள’ என்று கூப்பிடுவார். அதனால் இன்னும் கொஞ்சம் பிடிக்காது.

அவர் வீட்டிலேயே சோப்புத் தயாரித்து விற்கிறவர். ஆனால் சோப்புக்காரர் வீடு எது என்று தெருவில் கேட்டால் யாருக்கும் தெரியாது. சொட்டு வீடு எது என்று கேளுங்கள், பால்குடி மறக்காத குழந்தைகூடக் கை காட்டும். எந்த டப்பாவும் அலசப்படாமல் அந்த வீட்டைவிட்டு வெளியே போனதில்லை. எண்ணெய் டப்பாவானாலும் சரி, தேன் பாட்டிலானாலும் சரி, கால் குவளைத் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரை எதிலாவது சேர்த்துவிடுவார். பற்பசைக் குழாயைக் கத்தரியால் பிளந்து இன்னும் மூன்று நாள் ஓட்டுவார்.

இது அவராக வளர்த்துக்கொண்ட குணமில்லை. அவருடைய பூட்டன் காலத்தில் ஏழு வருடம் மழை பொய்த்துப்போய், குடும்பமே இருந்த இடத்தை விட்டுக் கிளம்பியதாம். வழியில் ஆளுக்கு நாளைக்கு இரண்டு குவளைத் தண்ணீர். குடிப்பதும் அதில்தான், முகம் கழுவுவதும் அதில்தான். பிறகு மழை வந்தது, குழாய் வந்தது, வீட்டுக்குள்ளேயே தொட்டி வந்தது. கை மட்டும் மாறவில்லை. மச்சான் குவளையைச் சாய்த்தால் விளக்குத் திரி கனத்துக்குத்தான் தண்ணீர் இறங்கும். பிசிறாது, நடுங்காது. ஒரு குவளையில் முகம் கை கால் எல்லாம் கழுவிவிட்டு, மிச்சம் எவ்வளவு என்று எட்டிப் பார்ப்பார். “மிச்சத்தைப் பேங்க்ல போட்டு வைங்க மச்சான்” என்று ஒருமுறை சொன்னேன். அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. கட்டிக்கொண்டு போன மூன்றே வருடத்தில் அவளும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டாள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

வீட்டின் பின்கட்டுதான் சோப்புக் கூடம். அக்கா எண்ணெய் காய்ச்சுவாள், நான் கட்டிகளை வெட்டித் தாளில் சுற்றுவேன். காஸ்டிக் சோடாவை மட்டும் மச்சான் யாரையும் தொடவிட மாட்டார். கண்ணுக்குக் கவசக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அவரே கரைப்பார். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஊற்றினால் கொதித்துச் சீறும். இது எங்கள் மூன்று பேருக்கும் மனப்பாடம்.

அக்காவுக்கும் மனப்பாடம்தான். ஆனால் டப்பா அலசுவது அவள் கணக்கில் ஊற்றுவதாகாது. அது கை தானாகச் செய்கிற வேலை.

தெருக்குழாய் உடைந்து அன்று இரண்டாவது நாள். காலை பதினொரு மணி இருக்கும். மச்சான் வாசலில் யாரோ கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். தீர்ந்துபோன சோடா டப்பா மூலையில் கிடந்தது. அடியில் ஒரு கைப்பிடி சோடா, ஈரம் பட்டுக் கல்லாக இறுகியிருந்தது. அக்கா அதை எடுத்தாள், கால் குவளைத் தண்ணீர் விட்டாள், உள்ளே எட்டிப் பார்த்தாள்.

சூடான வாணலியில் தண்ணீர் பட்டதுபோல் ஒரு சத்தம். டப்பா கீழே விழுந்தது. அக்கா கத்தவில்லை. “கண்ணு” என்றாள். மறுபடியும், “தம்பி, என் கண்ணு” என்றாள். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அப்படியே சுவரோடு சரிந்தாள்.

பக்கத்தில் இருந்த வாளியைத் தூக்கி மொத்தத்தையும் அவள் முகத்தில் அடித்தேன். அவள் திமிறிக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். அவ்வளவு தண்ணீரும் தரையில் ஓடியது. கண்ணுக்குள் ஒரு சொட்டுகூடப் போகவில்லை.

மச்சான் ஓடிவந்தார். தரையையும் டப்பாவையும் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

“கொட்டாத மாப்ள. வாளிய வை. எதிர்வீட்டு வேன்காரருக்குப் போன் போடு.”

போட்டேன். சரக்கு இறக்கிக்கொண்டிருப்பதாகவும் இருபது நிமிடத்தில் வந்துவிடுவதாகவும் சொன்னார். தொட்டி காலி. வீட்டில் இருந்தது மூன்று குடம். தெருவில் வேறு யார் வீட்டிலும் குடிக்கவே தண்ணீர் இல்லை.

அக்காவைப் பெஞ்சில் கிடத்தினார். சோடாவின் காரம் கலந்த தண்ணீர் நல்ல கண்ணுக்குள் போய்விடாதபடி தலையை வலப்பக்கம் சாய்த்தார். “இமையப் பிரிச்சுப் பிடி. அவ கத்தினாலும் விடாத” என்றார். பிடித்தேன். என் சொந்த அக்காவின் கண்ணை இரண்டு விரலால் பிளந்து பிடித்தேன். அதுவரை கத்தாதவள் அப்போது கத்தினாள்.

அவர் குவளையை மொண்டு சாய்த்தார். திரி கனம். அதே திரி கனம்.

“இப்பவுமா மச்சான்? இப்பவுமா கஞ்சத்தனம்? நல்லாத்தான் ஊத்துங்களேன்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணின் மூக்கோரத்தில் விழுந்த தண்ணீர் விழி மேல் பரவி வெளியே வழிந்துகொண்டிருந்தது. அறுபடவே இல்லை. ஒரு குவளை முடியும் முன் இடது கையில் அடுத்த குவளை தயாராக இருந்தது.

நடுவில் காலால் ஒரு தாம்பாளத்தைத் தள்ளி அவள் தலைக்குக் கீழே வைத்தார். கழுவிய தண்ணீர் அதில் விழுந்தது. எனக்கு வந்த கோபத்தில் அவரை அறைந்திருப்பேன், கை இரண்டும் அக்காவின் இமையில் இருந்தது.

“அதையும் சேத்து வைக்கப் போறீங்களா?”

“அதுல காரம் இருக்கு மாப்ள. நீ வெறுங்காலோட நிக்கிற.”

நான் காலைப் பின்னால் நகர்த்திக்கொண்டேன்.

முதல் குடம் தீர்ந்தது. சோப்பில் காரம் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கிற தாள் எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். ஒன்றை நான்காகக் கத்தரித்து வைத்திருப்பார். காரம் பட்டால் கருநீலமாகும், வெறும் தண்ணீர் பட்டால் இளம்பச்சை. ஒரு துண்டை அவள் இமையோரம் தொட்டுப் பார்த்தார். கருநீலம்.

அக்கா இப்போது கத்துவதை நிறுத்திவிட்டாள். அது இன்னும் பயமாக இருந்தது. “ஏங்க, வெள்ளையாத் தெரியுது. எல்லாமே வெள்ளையாத் தெரியுது” என்றாள்.

“பேசாம இரு. இன்னும் தண்ணி இருக்கு.”

இரண்டாவது குடமும் பாதிக்கு வந்தது. தாள் நீலம்தான், கொஞ்சம் வெளுத்த நீலம். தெருவில் வேன் ஹாரன் அடித்தது.

“வாங்க மச்சான், போயிடலாம். டாக்டர் பாத்துக்குவாரு.”

“போற வழியெல்லாம் காரம் கண்ணத் தின்னும். குடத்தத் தூக்கு.”

வேனின் பின்பக்கம் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே அக்காவைப் படுக்கவைத்தோம். நான் இமையைப் பிடித்தேன். மச்சான் அவள் தலையை மடியில் வைத்து, முழங்கால்களால் ஒரு குடத்தை அணைத்துக்கொண்டு ஊற்றினார். வேகத்தடையில் வேன் தூக்கிப்போட்டது. நான் பெட்டி மேல் சாய்ந்தேன். தண்ணீர் அவள் கண்ணைவிட்டு நகரவில்லை. அவர் உடம்பு ஆடியது, அந்தக் கை ஆடவில்லை. அவர் ஊற்றுவது கஞ்சத்தனம் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் சொன்னபடி ஊற்றியிருந்தால் வேன் வரும் முன்பே மூன்று குடமும் தரையில் ஓடியிருக்கும்.

ஆஸ்பத்திரித் தெருவுக்குள் திரும்பும்போது கடைசிக் குடத்தில் நாலு விரல் தண்ணீர் இருந்தது. பையில் கடைசித் துண்டுத் தாள். தொட்டார். இளம்பச்சை.

அவர் நிறுத்தவில்லை. குடத்தைக் கவிழ்த்து அடித்தண்ணீரையும் வாசல் வரை ஊற்றிவிட்டுத்தான் இறங்கினார்.

கண் டாக்டர் ஒரு பெண். பார்த்துவிட்டு, “இவ்வளவு கழுவிட்டு வந்தது நல்லது. ஆனா பார்வை நிக்குமான்னு இப்ப சொல்ல முடியாது. நாலு நாள் போகட்டும்” என்றார்.

அந்த நாலு நாளும் நானும் மச்சானும் வராந்தா பெஞ்சில் கிடந்தோம். இரண்டாம் நாள் அவர் தானாக ஆரம்பித்தார்.

“அலசாம டப்பாவப் போட்டா எங்கப்பா அடிப்பாரு. நான் உங்கக்காவ அடிச்சதில்ல. ஆனா வந்த நாள்லேர்ந்து சொல்லிக்கிட்டே இருந்தேன், அலசு, அலசுன்னு. இந்த ஒரு டப்பாவ மட்டும் அலசாதன்னு சொல்லல மாப்ள. எனக்குத் தோணவே இல்ல.”

அவரைத் திட்டுவதற்காக நான் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தது நிறைய. அன்றைக்கு அதெல்லாம் நியாயமாகவும் இருந்தது. ஆனால் திட்ட முடியவில்லை. அவர் மேல் கோபமும் இருந்தது, அவரைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது. “சாப்ட்டு வாங்க மச்சான்” என்று மட்டும் சொன்னேன். அவர் போகவில்லை.

நாலாம் நாள் அக்காவின் கண்கட்டைப் பிரித்தார்கள். கண் ரத்தச் சிவப்பாக இருந்தது. டாக்டர் அக்காவின் இடது கண்ணை உள்ளங்கையால் மூடினார். நாங்கள் இருவரும் கட்டிலுக்கு எதிரே சுவரோரம் நின்றோம். மச்சான் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

“என்ன தெரியுது?”

அக்கா எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

“வெளிச்சம்” என்றாள்.

“அப்புறம்?”

“மங்கலா இருக்கு. தம்பி நிக்கிறான். பக்கத்துல அவரு.”

“அவரு எப்படித் தெரியுறாரு? சும்மா ஆள் இருக்கிற மாதிரியா?”

அக்கா கண்ணைச் சுருக்கினாள். மறுபடி விரித்தாள். பிறகு, வீட்டில் பேசுகிற அதே குரலில் கேட்டாள்.

“ஏங்க, மூணாவது பொத்தான் மட்டும் ஏன் கறுப்பா இருக்கு? வெள்ளைப் பொத்தான் ஒண்ணுகூடவா வீட்டுல கிடைக்கல?”

மச்சான் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். மூன்றாவது பொத்தான் கறுப்புத்தான், முந்தின நாள் சட்டை மாற்ற வீட்டுக்குப் போனபோது அவரே தைத்தது. அதைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து, அத்தனை பேர் முன்னாலும் சத்தம் போட்டு அழுதார்.