மாமாவின் செங்கமாரி

பிச்சைச் சம்பளம் என்ற பெயரை முதலில் வைத்தவர் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் வைத்திருக்க வேண்டும். அரசாங்கக் கடதாசிகளில் அது பொதுசன உதவிப்பணம். திருகோணமலையில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. வாங்கியவர்களே பிச்சைச் சம்பளம் என்றுதான் சொன்னார்கள். அம்மா மட்டும் 'என்ர சம்பளம்' என்பாள். அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்த நாட்கூலி. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. அப்படிப்பட்டவர் செத்தால் பெஞ்சனும் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை தபால் கந்தோரில் கிடைத்த அந்தச் சிறு தொகையையும் உணவு முத்திரையையும் வைத்துக்கொண்டு அம்மா யாருடைய வாசலிலும் போய் நிற்காமல் என்னை வளர்த்தாள். அவளுக்கு அதுதான் பெரிது.

தபால் கந்தோர் வாசலில் சம்பள நாளில் கல் வைப்பது வழக்கம். விடிய முன்னமே போய், வரிசையில் தன் இடத்தில் ஒரு கல்லோ செங்கல் துண்டோ வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து உலை வைக்கலாம். கதவு திறக்கும் நேரத்துக்குப் போய்த் தன் கல்லுக்குப் பக்கத்தில் நின்றால் சரி. குழாயடியில் குடத்துக்காக ஆளுக்காள் மயிர் பிடித்துச் சண்டை போட்ட பெண்கள்தான் அவர்கள். ஆனால் ஒருத்தியும் இன்னொருத்தியின் கல்லைத் தொட்டதில்லை. கதவுக்கு உள்ளே இருந்த படித்தவர்களிடம் அந்த ஒழுங்கில் பாதிகூட இருக்கவில்லை. காசைக் கையில் தராமல் மேசையில் எறிவார்கள்.

இனி என் மாமா. அம்மாவின் ஒரே அண்ணன். கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கக் கந்தோரில், பெரிய கிளாக்கர். பாலையூற்றில் சீமெந்து நிலம் போட்ட வீடு, விறாந்தையில் நாலு கதிரை, தொழிற்சங்கத்தில் கிளைச் செயலாளர் பதவி. அப்பா செத்த பிறகு அம்மா உதவிப்பணத்துக்கு எழுதிக்கொடுத்தபோது, விசாரிக்க வந்த விதானையார் மாமாவிடமும் போனார். கிராம சேவகர் என்று பலகையில் எழுதியிருந்தாலும் சனத்துக்கு அவர் விதானையார்தான். தாங்கக்கூடிய சொந்தம் இருந்தால் அந்தச் சம்பளம் கிடையாது என்பது சட்டம். "எனக்கும் குடும்பம் இருக்கு. தங்கச்சியைப் பார்க்க என்னால ஏலாது" என்று மாமா எழுத்திலேயே கொடுத்தார். அம்மா அதற்காக அவரைக் கோபிக்கவில்லை. கொடுக்காமல் விட்டிருந்தால் சம்பளம் கிடைத்திராது என்று சிரித்தாள்.

எண்பதாம் ஆண்டு நாடு முழுக்க அரசாங்க ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டதில் பிழை இல்லை. சாமான் விலை ஏறிக்கொண்டிருந்தது, சம்பளம் நின்ற இடத்தில் நின்றது. தொடங்குவதற்கு முதல் நாள் மாமா கச்சேரிக்கு முன்னால் ஒரு மேசையில் ஏறி, உழைக்கிறவனுக்கு ஊதியம் கொடுக்காதவன் மனிதனே இல்லை என்று முழங்கினார். கைதட்டல் கடல்வரைக்கும் கேட்டிருக்கும். நானும் தட்டினேன். அந்த வயதில் எனக்கு அவரைப் பற்றி முழுதாகத் தெரியாது.

உதவிப்பணத்துக்குக் காசுக்கட்டளை எழுத வேண்டியவர்கள் வேலைநிறுத்தத்தில் வெளியே நின்றார்கள். தபால் கந்தோர்க் கதவும் பூட்டு. அந்த மாதச் சம்பள நாளுக்கு வைத்த கற்கள் வாசலில் அப்படியே இருந்தன. இன்று திறப்பார்கள், நாளைக்குத் திறப்பார்கள் என்று பெண்கள் ஒவ்வொரு நாளும் வந்து தங்கள் கல்லைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எடுத்துக்கொண்டு போனால் இடம் போய்விடும் என்று பயம். அம்மாவின் கல் அப்பா கடற்கரையிலிருந்து கொண்டுவந்த கருங்கல். காற்றுக்கு எங்கள் கதவு அடித்துச் சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுத்த கல். அது இல்லாமல் அந்தக் கிழமை முழுக்க வீட்டுக் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. மேடையில் பேசியவர்களில் ஒருவராவது இந்தக் கற்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா? இல்லை. அரசாங்கம் சொன்னதா? அதுவும் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் அவர்கள் இருப்பதே தெரியாது.

அரிசி முடிந்த அன்று, இருட்டின பிறகு, மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவின் செத்த வீட்டுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

"ஏன் தங்கச்சி இஞ்ச கிடந்து கஷ்டப்படுறாய்? பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எங்கட வீட்டை வா. அண்ணன் இருக்கேக்க நீ பட்டினி கிடக்கிறதோ?"

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அங்கே போன பிறகுதான், மாமி வீட்டு வேலைக்காரப் பிள்ளை கலியாணம் முடித்துக் கந்தளாய்க்குப் போய்விட்டாள் என்பது தெரிந்தது. வந்து சேர்ந்த அன்றைக்கே மாமி அம்மாவைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போய், உரல் எங்கே, தேங்காய்த் திருவலை எங்கே என்று காட்டினா. அம்மா விடியத் தொடங்கினால் இரவு படுக்கும்வரை நிமிரவில்லை. எனக்கு உடுப்புத் தோய்க்கும் வேலை. உழைக்கிறவனுக்கு ஊதியம் கொடுக்காதவன் மனிதனே இல்லை என்று முழங்கிய வாய்க்கு, நாங்கள் மூன்று நேரமும் சமைத்துப் போட்டோம். ஊதியம் என்ற சொல் அந்த வீட்டுக்குள் வரவே இல்லை.

எங்களைக் கூட்டிக்கொண்டு போக அன்று இருட்டில் வந்ததைத் தவிர, மாமா வேலைநிறுத்தம் தொடங்கிய நாளிலிருந்து படலைக்கு வெளியே கால் வைக்கவில்லை. ஏன் என்று ஒருநாள் மாமியே பெருமையாகச் சொன்னா. "உங்கட மாமா முன்யோசனைக்காரர். முதல் நாளே ஆசுபத்திரி அப்போதிக்கரியிட்டை மெடிக்கல் சேட்டிபிக்கட் எடுத்துக் கந்தோருக்கு அனுப்பிப்போட்டார். வருத்த லீவு, வேலைநிறுத்தத்தில சேராது. செங்கமாரி." கண் மஞ்சளாகி, எண்ணெயும் மீனும் இறைச்சியும் தொடாமல், பத்தியத்தோடு படுத்துக் கிடக்க வேண்டிய வருத்தம் அது. எங்கள் நோயாளி மத்தியானம் நண்டுக் கறியில் கால்களை உடைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். பின்னேரங்களில் இன்னும் இரண்டு பெரிய கிளாக்கர்மார் பின்பக்கத்து வேலியால் வந்து, அம்மா போட்ட தேத்தண்ணியைக் குடித்தபடி போராட்டத்தைப் பற்றிக் கதைத்தார்கள். அவர்களுக்கும் மெடிக்கலில் ஆளுக்கொரு வருத்தம் இருந்தது. ஒருவருக்கு நாரிப் பிடிப்பு. மற்றவருக்கு என்னவென்று மறந்துவிட்டேன்.

வேலைக்குத் திரும்பாதவர்கள் வேலையை விட்டுப் போனவர்களாகக் கருதப்படுவார்கள் என்று ரேடியோவில் சொன்ன அன்று, மாமாவின் கந்தோர்ப் பியோன் வந்தார். அந்த மனிதர்தான் கச்சேரி வாசலில் வெய்யிலில் போராட்டப் பலகை பிடித்து நின்றவர். தலைவருக்குச் செங்கமாரி என்று யாரோ சொல்லி, செவ்விளநீர்க் குலையொன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்திருந்தார். மாமி அவரைப் படலையிலேயே மறித்தா.

"ஐயாவை எழுப்ப வேண்டாம் அம்மா. நாளைக்கு வேலைக்குப் போறதோ, நிக்கிறதோ எண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ. அவர் சொல்லுறபடி செய்யிறன்."

மாமி உள்ளே வந்தா. மாமா சாப்பாட்டு மேசையில் இருந்தார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "உறுதியா நிக்கச் சொல்லு" என்றார். மாமி போய் அதைச் சொன்னா. பியோன் தலையாட்டிவிட்டுப் போனார். இளநீரை மாமாதான் குடித்தார், எல்லாவற்றையும். எனக்கு அப்போது வந்த அருவருப்பு இன்றுவரை போகவில்லை.

கொஞ்ச நாளில் வேலைநிறுத்தம் உடைந்தது. உறுதியாக நின்றவர்களுக்கு வேலை போனது. மாமாவுக்குச் சுகம் வந்தது. கொஞ்சம் மெலிந்த முகத்தோடு, சவரம் செய்யாமல், நோயிலிருந்து எழும்பியவராகக் கச்சேரிக்குப் போனார். அங்கே பொய் மெடிக்கல் கொடுத்தவர்களையும் வேலையால் நிறுத்த ஒவ்வொன்றாகத் தோண்டுகிறார்கள் என்று வீட்டுக்கு வந்து மாமியிடம் குசுகுசுத்தார். அதற்குப் பிறகு யாராவது படலையைத் திறந்தால் யன்னலால் ஆளைப் பார்த்த பிறகுதான் வெளியே வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விதானையார் வந்தார். நிறுத்தி வைத்த உதவிப்பணம் மறுபடி வரப்போகிறது, பெயர்களைச் சரிபார்க்கிறேன் என்றார். எங்கள் வீடு பூட்டிக் கிடந்ததால் விசாரித்துக்கொண்டு இங்கே வந்திருக்கிறார். அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் விறாந்தைக்குக் கதிரை கொண்டுபோனேன்.

"அவ இனி எங்களோடதான்" என்றார் மாமா, நெஞ்சை நிமிர்த்தி. "என்ர தங்கச்சியை நான் தாங்காமல் ஆர் தாங்கிறது? அந்தப் பிச்சைக்காசு இனி அவவுக்கு வேண்டாம். பேரை வெட்டிவிடுங்கோ."

நான் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெயரை வெட்டினால் அம்மா சாகும்வரைக்கும் அந்தக் குசினிதான். அண்ணன் தாங்குகிறார் என்று அவள் சொன்னால் சம்பளம் போயிற்று, இல்லை என்று சொல்லி அண்ணனைச் சபையில் பொய்யனாக்கவும் அவள் மாட்டாள். அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"விதானையார், அண்ணைக்குச் செங்கமாரி வந்திட்டுது. வேலைநிறுத்தம் தொடங்கின அண்டைக்கே படுத்தவர், எழும்ப ஏலாமல் கிடந்தவர். மச்சாள் தனியச் சமாளிக்க ஏலாது எண்டுதான் நான் நோய் பார்க்க வந்தனான். மெடிக்கலும் இருக்கு, கேட்டுப் பாருங்கோ. இப்ப சுகம் வந்திட்டுது. நான் இண்டைக்கு வீட்டை போறன்."

விதானையார் மாமாவின் பக்கம் திரும்பினார். விதானையாருக்குத் தெரிந்த கதை பொழுதுபடுவதற்குள் கச்சேரிக்கும் தெரிந்துவிடும். அது மாமாவுக்கும் தெரியும்.

"அப்பிடியோ ஐயா? செங்கமாரியோ?"

"ஓம்" என்றார் மாமா.

"கடுமையோ?"

"ஓம். கடுமைதான்."

"அப்ப இவ உங்களைப் பார்க்க வந்தவ. நீங்கள் இவவைத் தாங்கேல்லை."

மாமாவின் முகம் அப்போதுதான் உண்மையாகவே மஞ்சளாகியது. "ஓம்" என்றார் மறுபடியும். விதானையார் எழும்பினார். அம்மா உள்ளே போய், வெட்டின மீனைக் கழுவிச் சட்டியில் போட்டு மூடி வைத்துவிட்டு, எங்கள் துணிப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நடை நான் நடந்ததில்லை.

தபால் கந்தோர் திறந்த நாள் கற்கள் வைத்தபடியே இருந்தன. அம்மா தன் கல்லடியில் போய் நின்றாள். வரிசையின் கடைசியில் ஒரு புதுக் கல். பக்கத்தில் ஒரு இளம் பெண், இடுப்பில் பிள்ளை. அந்த வரிசைக்குப் பழக்கமில்லாத ஆள் என்பது நின்ற நிலையிலேயே தெரிந்தது. உணவு முத்திரை கேட்க வந்திருந்தாள். அம்மாவைக் கண்டதும் கிட்ட வந்தாள்.

"அக்கா, நீங்கள் கிளாக்கர் ஐயாட தங்கச்சி எல்லோ? நான் கந்தோர்ப் பியோன்ர மனிசி. நீங்கள்தானாம் நோய் பார்த்தனீங்கள், விதானையார் சொன்னவர். ஐயாவுக்கு இப்ப சுகமோ?"

அம்மா அவளுடைய இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள்.

"எங்கட மனிசன் ஒவ்வொரு நாளும் கேக்கிறவர். ஐயா மட்டும் எழும்பித் திரிஞ்சிருந்தா தனக்கு வேலை போக விட்டிருக்க மாட்டாராம். அவர் கொண்டுவந்த இளநி ஐயாவுக்கு ஒத்துக்கொண்டதோ அக்கா?"

அந்தப் பொய்யைத் தொடங்கியது மாமா. ஆனால் ஊர் முழுக்க நம்பும்படி அதை நிலைநிறுத்தியது அம்மா. அவளுடைய முகம் அப்படிச் செத்துப்போனதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை.

"ஓம் பிள்ளை" என்றாள் கடைசியில். "ஒத்துக்கொண்டது."

பிறகு வரிசையின் கடைசிக்கு நடந்து போனாள். அந்தப் புதுக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து தன் கல்லுக்கு முன்னால் வைத்தாள். தன் கருங்கல்லை எடுத்துக்கொண்டு போய், எல்லோருக்கும் பின்னால் நின்றாள்.