உப்பில் இறுகிய பால் ஜாயின்ட்

எங்கள் பழைய காரின் இடது முன்சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் பந்து மூட்டு, அதாவது பால் ஜாயின்ட், துருவேறி இறுகிப்போனதற்கு முழுக் காரணம் என் மனைவிதான். அவள் இருக்கும்போதே இதை முகத்துக்கு நேராகப் பலமுறை சொல்லியிருக்கிறேன். காசிமேட்டில் ஏலம் எடுத்த மீனைப் பெட்டியில் போட்டு, ஐஸ்மேல் கல்லுப்பைத் தூவி, அந்தப் பெட்டியைத் தன் காலடியில்தான் வைத்துக்கொள்வாள். அங்கே காரின் தரையில் ஒரு ஓட்டை. புளியந்தோப்பில் அவள் வியாபாரத்துக்குப் போய்ச் சேரும்வரை உப்புத்தண்ணீர் அதன் வழியாகச் சக்கரத்தில் சொட்டிக்கொண்டே வரும்.

"பின்னாடி வெச்சா இன்னா மே?" என்பேன்.

"மீனு என் கண்ணு முன்னாடி இருக்கணும். நீ ரோட்டப் பாத்து ஓட்டுய்யா."

போன ஐப்பசி மழையில் சிறுநீரகம் கெட்டு இறந்துபோனாள். அதற்குப் பிறகு கார் திருவொற்றியூரில் எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றது. பால் ஜாயின்ட் தேய்ந்து சக்கரம் ஆட்டம் கண்டிருந்ததால் எடுக்கவும் முடியவில்லை.

"காயலான் கடைக்குப் போட்டுடலாம்பா. பாக்கப் பாக்க பேஜாரா கீது" என்றாள் மகள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியை இழுத்துப்போக ஆளுக்கும் சொல்லிவிட்டாள். அதற்குள் சக்கரத்தைச் சரிசெய்துவிட்டால் கொடுக்க மாட்டேன் என்றேன். அவள் ஒத்துக்கொண்டாள். என்னால் முடியாது என்று நினைத்திருப்பாள்.

புதிது போடுவதற்காகப் பழைய பால் ஜாயின்டுகளைக் கழற்ற ஆரம்பித்தேன். வலது பக்கம் சமர்த்தாகக் கழன்றது. இடது பக்கம் அசையவே இல்லை. சக்கரத்தைத் தாங்கும் இரும்பில் ஒரு துளை உண்டு. பால் ஜாயின்டின் தண்டு அதற்குள் இறுகி உட்கார்ந்திருக்கும். தண்டை அடித்தால் அதன் திருகு மரை கெடும். துளையைச் சுற்றிய இரும்பைத்தான் இரண்டு பக்கமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் அடிக்க வேண்டும். முன்பெல்லாம் எதிர்ச் சுத்தியல் அவளுடையது. முகத்துவாரக்குப்பத்தில் பிறந்தவள். கரையில் படகு இழுக்கிறவர்கள் போல "ஐலசா" என்று குரல் கொடுப்பாள். "சா"வில் இரண்டு அடியும் ஒன்றாக விழும். மெக்கானிக் கடைக்காரன் கழற்றித் தராததையெல்லாம் நாங்கள் கழற்றியிருக்கிறோம்.

பக்கத்து வீட்டுக்காரர் பரிதாபப்பட்டு ஒரு சுத்தியலோடு வந்தார். "ஒன்னு, ரெண்டு, மூணு" என்று எண்ணி அடித்தோம். ஒவ்வொரு முறையும் அவர் அடி ஒரு இழை பின்தங்கியது. ஐலசா சொல்லிப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

"போ மாமு, போய் உன் வேலயப் பாரு" என்று கத்திவிட்டேன். அந்த மனுஷன் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அழுவதை யாரும் பார்க்கக்கூடாது என்பதுதான் என் கோபம்.

கடைசியில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தண்டைத் தள்ளி எடுக்கும் புல்லரை மாட்டி, கை வலிக்கும்வரை முறுக்கி, அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனேன். மகள் சோறு போட்டு வைத்திருந்தாள். கையைக் கழுவி உட்கார்ந்தேன். இறங்கவில்லை. வாசலில் எந்த லாரி வந்தாலும் காரைத் தூக்க வந்தவன்தான் என்று எட்டிப் பார்த்தேன். நான் தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்போது வாசலில் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். முறுக்கிலேயே இருந்து இருந்து தண்டு தானாகத் தெறித்துவிட்டது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"வந்துச்சு மே! வந்துச்சு பாரு!" என்று சமையலறைப் பக்கம் திரும்பிக் கூவினேன்.

பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. ஈரக்கையோடு மகள் வெளியே வந்தாள்.

"நான்தாம்பா கீறேன்" என்றாள்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கையைப் புடவையில் துடைத்துவிட்டு போனை எடுத்தாள்.

"அண்ணே, நீங்க வர வேணாம். அது எங்க அம்மா வண்டி."