கரோலின் டீச்சரின் கார்ட்லெஸ்

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தார் கரோலின். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தனி வீடு. தன் விஷயம் எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது என்று இருப்பவர். ஆனால் டெலிபோன் இருந்தது முன்னறையில். சாயந்திரமானால் அங்கேதான் டியூஷன் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். கோயம்புத்தூரிலிருந்து அக்கா ஜெபகனி கூப்பிட்டால், 'ஆமா', 'சரி' என்பதற்கு மேல் பேச முடியாது. அதனால்தான் தொண்ணூற்றாறில் காஜா முகைதீனின் பாரின் சாமான் கடையில் ஒரு கார்ட்லெஸ் போன் வாங்கினார். இனிமேல் பின்வாசலில் நின்று யாருக்கும் கேட்காமல் பேசலாம்.

வாங்கிய புதிதில் ஒருநாள் போனை எடுத்தபோது உள்ளே அடுத்த வீட்டு வடிவம்மாளின் குரல். சென்னையில் கட்டிக்கொடுத்த மகள் சுப்ரஜாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"கை நீட்டுதான்னா பொறப்பட்டு வந்திரு மக்கா."

மறுமுனையில் விம்மல். கரோலின் சட்டென்று அணைத்துவிட்டார். லைன் எங்கோ கலந்துவிட்டது என்று நினைத்தார். கேட்காததுபோல இருந்துவிடுவதுதான் மரியாதை என்றும் நினைத்தார். மறுநாள் தெருவில் வடிவம்மாளைப் பார்த்து எப்போதும்போலச் சிரித்துவிட்டுப் பள்ளிக்குப் போனார்.

ஆடி மாதம் அவருக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அக்காவிடம் மட்டும் சொன்னார். "புதன்கிழமை மதுரைக்குப் போயி டெஸ்ட் எடுக்கணும். அத்தானை விட்டுட்டு நீ வர வேண்டாம்க்கா. நான் பாத்துக்கிடுதேன்."

மறுநாள் காலையில் வடிவம்மாள் வந்து நின்றார்.

"டீச்சர், கோவிச்சுக்கிடப்பிடாது. மதுரைக்கு நானும் கூட வாறேன்."

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"மககிட்ட பேசலாம்னு போனை எடுத்தேன். நீங்க பேசிக்கிட்டு இருந்திய. வைக்கத்தான் நெனச்சேன். கட்டின்னு காதுல விழுந்ததும் வைக்கக் கை வரலை."

"அடுத்தவங்க பேச்சை ஒட்டுக் கேக்கது நல்லாவா இருக்கு?"

"நல்லாயில்லதான். ஆனா கேட்டுட்டேனே. கேட்டுட்டு எப்படிச் சும்மா இருக்க?"

கரோலின் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாயந்திரம் போனையும் அதை வைக்கிற பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். காஜா முகைதீன் விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தார்.

"அந்த அம்மாவும் நம்மகிட்டதான் வாங்குனாவ. ஒரே மாடல். ரெண்டும் கம்பெனியில வச்ச கோடு நம்பர்லயே இருக்கு. அதான் அவுக போன் உங்க பெட்டியிலயும், உங்க போன் அவுக பெட்டியிலயும் போய்ச் சேருது. குடுக்கும்போதே நான் மாத்திக் குடுத்திருக்கணும்."

பின்மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்த பொடி ஸ்விட்சுகளைக் குச்சியால் மாற்றினார். பெட்டியிலும் அதேபோல மாற்றி, சானலையும் வேறாக்கினார்.

"இனி அவுக போன் இதுல சேராது. ஆனா காத்துல போற பேச்சு டீச்சர், முழுசா பூட்ட முடியாது. முக்கியமானதைப் பழைய போன்லயே பேசுங்க."

திரும்பி நடக்கும்போதுதான் கரோலினுக்கு உறைத்தது. அன்று லைன் கலக்கவில்லை. இதே போன்தான். தானும் கேட்டவள்தான். வடிவம்மாள் மறுநாளே வந்து நின்றார். தானோ, சுப்ரஜா என்ன ஆனாள் என்றுகூட இன்றுவரை கேட்கவில்லை. அது மரியாதையா, இல்லை வேறொருவர் கஷ்டத்துக்குள் போகப் பயமா? அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நேராக அடுத்த வீட்டுக்குப் போனார்.

"நானும் ஒருநாள் கேட்டேன். சுப்ரஜா அழுதா. கேட்டுட்டு வச்சிட்டேன்."

 "வந்திருக்கலாமே டீச்சர்" என்றார் வடிவம்மாள். "யார்கிட்டயும் சொல்ல முடியாம கெடந்தேன்."

புதன்கிழமை இருவரும் மதுரை பஸ்ஸில் ஏறினார்கள். கோவில்பட்டி தாண்டும்வரை வடிவம்மாள் மகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். கரோலின் ஜன்னல் பக்கம் திரும்பாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கட்டி பயப்படும்படியானது இல்லை என்று பிறகு தெரிந்தது.

ஐப்பசியில் சுப்ரஜா பெட்டியோடு கிளம்பி வந்தாள். ஊர் பார்க்கும் என்று அவள் அப்பா ஸ்டேஷனுக்கு வரவில்லை. ஜங்ஷனில் ரயில் வந்து நின்றபோது வடிவம்மாளோடு கரோலின் நின்றிருந்தார். இறங்கியவளிடம் ஒன்றும் கேட்காமல் பெட்டியை வாங்கிக்கொண்டு ஆட்டோவைப் பார்த்து நடந்தார்.