இடது மீசை

ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்ற ஆண்கள் தேவாலயத்துக்கோ மதுக்கடைக்கோ போவார்கள். திஹோமிர் சட்டைப்பையில் ஒரு காந்தத்தைப் போட்டுக்கொண்டு பழைய சாமான் சந்தைக்குப் போவார். கூடவே அவர் மனைவி விதோசாவா காபிக் குடுவையைச் சுமந்துகொண்டு போவாள். எல்லோருக்கும் அவள் விதா. தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் வியாபாரிகளுக்கு அந்தக் காந்தத்தைக் கண்டாலே ஆகாது.

"சத்தியமா ஒரிஜினல்ணே. எங்க மாமா வண்டியிலேருந்து கழட்டினது" என்றான் ஒருவன், காரின் மூக்கில் பொருத்தும் பளபளப்பான பட்டை ஒன்றை நீட்டி.

திஹோமிர் காந்தத்தை வைத்தார். பட்டை டக்கென்று ஒட்டிக்கொண்டது. ஒரிஜினல் என்றால் அலுமினியம். காந்தம் அதைச் சீண்டாது.

"உங்க மாமா எப்ப கழட்டினாரு? போன வாரமா?"

"அண்ணே, காலைல முத வியாபாரம்…"

"அதான் காந்தத்தோட நிறுத்திக்கிட்டேன். விதா, காபி ஊத்து."

கார்த் தொழிற்சாலை இருந்த க்ராகுயேவாட்ஸ் ஊரில் பாதிப் பேர் அந்தச் சின்ன ஃபிச்சா காரைச் செய்தவர்கள், மீதிப் பேர் அதன் பின்சீட்டில் உருவானவர்கள் என்று ஒரு கேலி உண்டு. திஹோமிர் இரண்டிலும் சேர்த்தியில்லை, நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆனால் அவருடைய கொட்டகையில் நிற்கும் வெளிர்நீல ஃபிச்சாவுக்கு அவர் செய்த பணிவிடையை யாரும் பெற்ற தாய்க்குக்கூடச் செய்திருக்க மாட்டார்கள். கதவுப் பிடி, சன்னல் ஓரப் பட்டை, சக்கரத் தொப்பி, கண்ணாடியைச் சுற்றி ஓடும் வெள்ளி நாடா, எல்லாம் அந்தக் காலத்து அசல். ஒன்றே ஒன்றுதான் குறை. வண்டியின் மூக்கில், நடு முத்திரைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை இருக்கும். ஊரில் அதற்கு மீசை என்றுதான் பெயர். வலது மீசை இருந்தது. இடது மீசை இல்லை.

அது தொலைந்த கதை விதாவுக்கு மனப்பாடம். கடலுக்குப் போய்த் திரும்பும் வழியில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது. "என் சம்சாரம் அன்னைக்குச் சிரிச்ச சிரிப்பு இருக்கே! பாதி மொகம் சவரம் பண்ணின மாப்பிள்ளை மாதிரி இருக்குன்னு வீடு வர வரைக்கும் சிரிச்சா" என்று திஹோமிர் யாரிடமும் சொல்வார். கேட்பவர்களும் சிரிப்பார்கள். விதாவும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்தச் சம்சாரம் விதா இல்லை. க்ரோஸ்தானா, மூத்த தாரம், இறந்துபோனவள்.

விஷயம் இதுதான். திஹோமிர் வாயில் "என் சம்சாரம்" என்று வந்தால் அது க்ரோஸ்தானா. என் சம்சாரத்துக்குப் பூண்டு ஆகாது, என் சம்சாரம் நட்ட பிளம் மரம், என் சம்சாரம் வாங்கின திரைச்சீலை. விதாவோ விதாதான். புது ஆட்களுக்கு அறிமுகம் செய்யும்போதும் "இது விதா" என்பார், அதோடு நிறுத்திக்கொள்வார். மனதில் ஒன்றும் கல்மிஷம் கிடையாது, அப்பாவி மனுஷன், பழக்கதோஷம். ஆனால் முள் சின்னதானாலும் குத்துப்பட்ட காலுக்குத்தானே வலி தெரியும்? வாழ்க்கைப்பட்டுப் பதினோரு வருஷம் ஆன பிறகும் விதா அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தாள். வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டு வாங்கினால் அது என்ன சொல் என்று விட்டுவிட்டாள்.

அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டே கல்யாண வயது தாண்டிப் போனது. விடியற்காலை முதல் பேருந்தில் போவாள், அதை ஓட்டியவர் திஹோமிர். அவள் சந்து முனையிலிருந்து மூச்சிரைக்க ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால், ஒன்றும் தெரியாதவர் போல வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு கைக்குட்டையால் ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டிருப்பார். உள்ளே இருப்பவர்கள் கத்துவார்கள். மனைவியை இழந்து சில வருஷம் ஆன மனிதர், பேச்சு வராது. துடைத்துத் துடைத்தே காதலித்தார் என்று வையுங்கள்.

கூடவே அலைந்ததில் விதாவுக்கும் அசல் எது, நகல் எது என்பது வேண்டுமானாலும் வேண்டாவிட்டாலும் தெரிந்துபோனது. அசல் பட்டை பால் பாத்திரம் போல அடங்கி மின்னும். நகல் கண்ணைக் குத்தும், அதில் ஒரு நீலம் ஓடும். அசலைத் திருப்பிப் பார்த்தால் ஓரம் உள்ளே மடித்து உருட்டியிருக்கும், விரல் வழுக்கிக்கொண்டு போகும். நகலின் ஓரம் வெட்டின தகரம், விரலை அறுக்கும். பிளாஸ்டிக்கில் மின்பூச்சு ஏற்றியது என்றால் இரண்டு குளிர்காலத்தில் வெங்காயத் தோல் போல உரியும். எல்லாவற்றுக்கும் மேலே வளைவு. வண்டிக்கு வண்டி மூக்கு ஒரு நூல் மாறும். பொத்தாம்பொதுவாகச் செய்த நகல் எந்த மூக்கிலும் முழுசாக உட்காராது, ஒரு முனை தூக்கிக்கொண்டு நிற்கும்.

"ரெண்டையும் நகலா மாட்டிடேன்யா. ஜோடி ஜோடியா விக்கிறான். பார்க்கச் சமமா இருக்கும்" என்று யாராவது சொன்னால் திஹோமிருக்குக் கோபம் வரும். "இருக்கிறதைக் கழட்டி எறிஞ்சிட்டா? எந்த ஊர் நியாயம்டா அது?" என்பார்.

பிப்ரவரியில் இறந்தவர்களுக்கான சனிக்கிழமை வந்தது. வேகவைத்த கோதுமையும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனார்கள். அந்த ஊர் வழக்கப்படி, ஒருவர் போனால் இருப்பவரின் முகத்தையும் பெயரையும் பக்கத்திலேயே செதுக்கிவிடுவார்கள், கடைசி வருஷத்தை மட்டும் வெறுமனே விட்டுவிட்டு. கறுப்புக் கல்லில் க்ரோஸ்தானா, அருகில் இளமையான திஹோமிர். விதா வாளியில் வெந்நீரும் சோப்பும் கலந்து கல்லைத் துடைத்தாள். முதலில் க்ரோஸ்தானாவின் முகம், பிறகு உயிரோடு பக்கத்தில் நின்று மெழுகுவர்த்தி ஏற்ற முடியாமல் காற்றைத் திட்டிக்கொண்டிருக்கும் தன் புருஷனின் முகம். வருஷம் தவறாமல் செய்கிற வேலைதான். அன்றைக்கு ஏனோ துணி அந்த மூக்கருகே வந்ததும் கை நின்றுவிட்டது. கல்லில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை என்பதைப் புதிதாகக் கண்டுபிடித்தவள் போல நின்றாள்.

"என்ன விதா, குளிருதா?"

"ஆமா. காத்து."

வீட்டுக்கு வந்ததும் கொட்டகையில் வண்டியைப் பார்த்தபடி திஹோமிர் சொன்னார்: "மே மாச ஃபிச்சாச் சந்திப்புக்கு இந்த வருஷமும் போக வேணாம். ஒத்த மீசையோட எப்படிக் கொண்டுபோய் நிறுத்துறது?" அந்தக் குரலைக் கேட்க விதாவுக்குப் பாவமாக இருந்தது.

அவர் மீன் பிடிக்கப் போன ஒரு நாள், குளிர்காலம் முடியும்வரை அவர் கழற்றிப் பழந்துணியில் சுற்றி வைத்திருக்கும் வலது மீசையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினாள். ஊர் எல்லையில் ஒரு டிங்கரிங்காரர் இருந்தார். அதைப் பார்த்துச் செய்யச் சொன்னாள். மனுஷன் வாரக்கணக்கில் இழுத்தடித்து, நல்ல அலுமினியத்தில் அச்சு அசலாக இன்னொரு வலது மீசையைச் செய்து நீட்டினார்.

"ஐயா, வலது ஏற்கெனவே இருக்கு. எனக்கு வேணும்கிறது இடது."

"நீ குடுத்ததைத்தானேம்மா பார்த்துச் செஞ்சேன்?"

"உங்க மீசை ரெண்டு பக்கமும் ஒரே திசையிலயா வளருது?"

அவர் தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மறுபடி அலுமினியத்தை அடித்தார். இந்தத் தடவை விதா பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து, வளைவை நூல் வைத்துப் பார்த்து, வெட்டின ஓரம் பெருவிரலை அறுக்க, அதை உள்ளே மடிக்கச் சொல்லி, பளபளப்பு ஏறும்போதெல்லாம் "போதும், போதும்" என்று கையைப் பிடித்தாள். இவ்வளவு பாடு எதற்கு என்று அவளைக் கேட்டால் திஹோமிருக்காக என்பாள். அது உண்மை. அந்த வீட்டில் பின்னால் வந்த ஒன்றுக்கு இடம் உண்டா என்று பார்க்கவும் ஆசைப்பட்டாள். அதுவும் உண்மை.

அவள் கொட்டகைக்குக் கொண்டுவந்து நீட்டிய துணிப் பொட்டலத்தைத் திஹோமிர் பிரித்தார். முதல் காரியமாகக் காந்தத்தை எடுத்து வைத்தார். ஒட்டவில்லை. திருப்பினார், ஓரத்தைத் தடவினார், நகத்தால் சுண்டிக் காதில் வைத்துக் கேட்டார்.

"டூப்ளிகேட்" என்றார்.

"டூப்ளிகேட்தான். நான் செய்யச் சொன்னது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு வண்டி மூக்கில் வைத்து அழுத்தினார். இரண்டு முனையும் படிந்து உட்கார்ந்தன. "அட, வளைவு சரியா இருக்கே" என்று குழந்தை போலச் சிரித்தார். உடனே திருகி மாட்டினார். மாட்டிவிட்டு, "ஒரிஜினல் கெடைக்கிற வரைக்கும் இது இருக்கட்டும்" என்றார்.

விதா சமையலறைக்குப் போய் ஒரு பானையை இரண்டு தடவை கழுவினாள்.

மே மாதம் வந்தது. சதுக்கத்தில் ஃபிச்சாக்கள் வரிசை கட்டி நின்றன. எங்கே பார்த்தாலும் துடைக்கும் துணியும் வறுத்த இறைச்சிப் புகையும். விதா வண்டிக்குப் பக்கத்தில் மடக்கு மேஜை போட்டு, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட கிபானிட்சாவை வெட்டிக்கொண்டிருந்தாள். அசல் பார்த்து மதிப்பெண் போடும் அதிகாரி இரண்டு வண்டி தள்ளி வரும்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு மிலென்தியே வந்தார்.

மிலென்தியே, திஹோமிருக்குக் கூம். அதாவது, க்ரோஸ்தானாவைக் கட்டினபோது தேவாலயத்தில் பின்னால் நின்று சாட்சி சொன்னவர். அங்கே கூப்பிடாமல் வரவும் திட்டிவிட்டுப் போகவும் கூமுக்கு உரிமை உண்டு, கூடப் பிறந்தவனுக்கு மேல். அவர் கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"திஹோ! கண்ணை மூடு! மூடுடா கழுதை!"

பிரித்தால், இடது மீசை. அசல். பால் போல அடங்கின மினுமினுப்பு, உருண்ட ஓரம், பின்புறம் பழைய அச்சு. திஹோமிர் காந்தத்தைக்கூட எடுக்கவில்லை.

"எங்கடா புடிச்ச?"

"நீஷ் ஊர்ல ஒரு கோழிப்பண்ணைல. கொக்கியா மாட்டி வச்சிருந்தானுங்க, பாவிங்க. ம், சீக்கிரம். அதிகாரி வர்றதுக்குள்ள அந்தத் தகரத்தைக் கழட்டி எறி."

விதா கத்தியைக் கீழே வைத்தாள். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, கருவிப் பெட்டியைத் திறந்து, சரியான ஸ்பேனரை எடுத்துத் தானே புருஷனிடம் நீட்டினாள். "இந்தா மனுசா. எத்தனை வருஷமாத் தேடினது. மாட்டு" என்றாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பைப் பிடித்து வைக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

திஹோமிர் ஸ்பேனரை வாங்கினார். வண்டி மூக்கைப் பார்த்தார். ஸ்பேனரைப் பார்த்தார். அதை நீட்டின கையைப் பார்த்தார். சலவைச் சோடா தின்ற கை, பெருவிரலில் தகடு அறுத்த தழும்பு. அது எப்போது வந்தது என்று இவர் கேட்டதே இல்லை. காது நுனிவரை சிவந்தார்.

"வேணாம் கூமே. இதுவே இருக்கட்டும்."

"என்னது?"

"நல்லாத்தான் உக்காந்திருக்கு."

"டேய், மதிப்பெண் போயிடும்டா!"

"போகட்டும்."

மிலென்தியேவுக்கு ரத்தம் தலைக்கேறியது. "நான் கோழிப் பீயில கை விட்டு எடுத்துட்டு வந்திருக்கேன். கூம்னா சட்டைப் பொத்தான் இல்லடா, வேணும்கிறப்ப போட்டுக்கிட்டு வேணாம்கிறப்ப கழட்டி விட!"

"என் சம்சாரம் மட்டும் பொத்தானா?" என்றார் திஹோமிர்.

மிலென்தியே ஒரு நிமிஷம் விழித்தார். குரல் தணிந்தது. "பாவம்டா க்ரோஸ்தானா. அவளை எதுக்கு இதுல இழுக்குற? அவ இருந்தா சந்தோசப்பட்டிருப்பா."

"நான் க்ரோஸ்தானாவைச் சொல்லல."

"அப்புறம் யாரை?"

திஹோமிர் ஸ்பேனரால் மேஜைப் பக்கம் காட்டினார். பேருந்தில் வழி கேட்டவர்களுக்குக் காட்டுவது போலச் சாதாரணமாகத்தான் காட்டினார். "இவளை. என் சம்சாரத்தை."

அதற்குள் அதிகாரி வந்துவிட்டார். மரியாதையான மனிதர். குனிந்து பார்த்து, "இடது பட்டை பிற்காலத்து வேலை, இல்லையா?" என்றார். ஆமாம் என்றார் திஹோமிர். கோபம் தீராத மிலென்தியே அசல் மீசையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். அவர் தட்டில் விதா கிபானிட்சாவில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தாள். வைக்கும்போதே கண்ணில் நீர் இறங்கிவிட்டது. துடைக்கக் கையில் துணி இருந்தும் துடைக்கவில்லை. பதினோரு வருஷத்துக் கண்ணீர், கொஞ்சம் ஓடட்டுமே.

"உப்புப் போடலையா விதா, கண்ணீரை ஊத்துற?" என்றார் மிலென்தியே. வாயில் துண்டு போனதும் அவர் கோபமும் பாதி இறங்கியிருந்தது.

பரிசு வேறு யாருக்கோ போனது, அது யார் என்று திஹோமிர் வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. அன்று சாயங்காலம் வரை விதா மேஜையை விட்டுவிட்டு வண்டியின் இடது பக்கமே நின்றாள். வந்து குனிந்து பார்த்த ஒவ்வொருவரிடமும், அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே, அந்த மீசையைத் தொட்டுக் காட்டிச் சொன்னாள்:

"இது டூப்ளிகேட்ங்க."