நான்காம் பதிப்பின் கடைசி நாள்

சொன்ன நாள் தவறாதவர் என்பதால் அவரைத் தேதிக்காரர் என்பார்கள். பரிசோதனைக் கூடங்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி ஒரு சாஃப்ட்வேரை அவரும் நண்பர் ஒருவரும் எழுதினார்கள். ஒருவருடைய ரத்த முடிவு இன்னொருவர் பெயரில் ஏறிவிடாமல் காப்பது அதன் வேலை. நண்பர் பாதியில் கழன்றுகொண்டார். அதன் பிறகும் ஆறு மாதத்துக்கொரு பதிப்பு நாள் பிசகாமல் வந்தது. சில பதிப்புகளுக்கு மட்டும் ஐந்து வருஷம் பழுது பார்த்துத் தருவதாக அறிவிப்பார். நான்காம் பதிப்பு அப்படிப்பட்டது. அதன் கெடு இந்த மாதக் கடைசியில் முடிகிறது.

மறுநாளே அவர் ஒரு கம்பெனியில் சேர வேண்டும். வெளி வேலை எதையும் தொடக் கூடாது என்பது அவர்கள் நிபந்தனை. மனைவி நர்ஸ், பகல் டியூட்டி முடித்து இன்னொரு கிளினிக்கில் சாயங்கால டியூட்டியும் பார்க்கிறாள். முழங்கால் வீங்கி, மாடிப்படியை நின்று நின்று ஏறுகிறாள். "ஒண்ணாம் தேதியிலேருந்து நீ ஒரு வேலை பார்த்தா போதும்" என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

அப்போதுதான் ஒரு பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"முடியுதுன்னு போட்டிருக்கீங்களே சார்? நாங்க போட்டே ரெண்டு வருஷந்தான் ஆகுது. இன்னும் மூணு இருக்கில்ல?"

"வெளியிட்ட நாள்லேருந்து கணக்கும்மா. பன்னிரண்டாம் பதிப்புக்கு மாறிடுங்க."

"எங்க பழைய மெஷினுக்கு அது ஒத்துவரலை. புதுசு கேட்டா டாக்டர் மெஷினை மாத்த மாட்டார், என்னைத்தான் மாத்துவார்." சிரித்தாள். "அஞ்சு வருஷம்னு நீங்க எழுதினதைக் காட்டித்தான் சார் அவர்கிட்ட கையெழுத்தே வாங்கினேன்."

தன் பழைய அறிவிப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். ஐந்து வருஷம் என்று பெரிய எழுத்தில் இருந்தது. எந்த நாளிலிருந்து என்று ஒரு வார்த்தை இல்லை. தொழிலில் இருப்பவர்களுக்கு அது சொல்லாமலே தெரியும். ரத்தம் எடுக்கிற பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

மற்ற கூடங்களுக்கும் எழுதிக் கேட்டார். பதினோரு இடங்களில் அதே கணக்கு. நான்காம் பதிப்பைப் பொறுப்பேற்க ஆள் தேவை என்று அறிவித்தார். வாழ்த்துகள் குவிந்தன, ஆள் வரவில்லை. கம்பெனியிடம் விலக்குக் கேட்டார். இரண்டு வரியில் மறுத்துவிட்டார்கள். மூன்று வருஷம் தள்ளித் தேதியை மாற்றிவிட்டு, வேலைக்கு வரவில்லை என்று கம்பெனிக்கு எழுதினார்.

மனைவி வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, சொல்லிவிட்டார்.

"விட்டா உங்களை ஜெயில்லயா போடுவாங்க?"

"போட மாட்டாங்க. ஆனா ஒருத்தர் முடிவு மாறி வந்துட்டா..."

"அதை எனக்குச் சொல்லாதீங்க. நானே நர்ஸ்தான்."

செருப்பைக் கழற்றிவிட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்துச் சாயங்கால கிளினிக்குக்குப் பேசினாள்.

"மேடம், ஒண்ணாம் தேதியிலேருந்து வரலைன்னு சொல்லியிருந்தேன்ல. என் இடத்துக்கு ஆள் எடுத்துட்டீங்களா?"

நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "சரி மேடம். ராத்திரி டியூட்டின்னாலும் பரவாயில்லை" என்றாள்.